முன்பதிவுப் பணம் திரும்ப: 1915-ஆ, சார்ஜ்பேக்கா, ஆணையமா?

போன வருடம் ஓர் இணையக் கடையில் 6,499 ரூபாய் கட்டி ஹெட்போன் முன்பதிவு செய்தேன். ஏப்ரலில் வரும் என்றார்கள். வந்ததெல்லாம் "பொறுமைக்கு நன்றி" மெயில்தான், மூன்று முறை. மூன்றிலும் வாசகம் ஒன்றே, தேதி மட்டும் வேறு. பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "ப்ரீஆர்டருக்கு ரீஃபண்ட் கிடையாது" என்று பதில்.

அப்படி எழுதி வைத்துவிட்டால் ஆயிற்றா? சொன்ன தேதியைத் தாண்டி வரும் பொருளுக்குப் பணம் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். கைமீறிய பேரிடர் என்றால் மட்டும் விலக்கு. சப்ளையர் இழுத்தடிப்பதெல்லாம் அதில் சேராது என்பது என் கட்சி. கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே எந்த வழியில் போனாலும் முதல் மெயில் அவருக்கு.

அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். செலவில்லை, தமிழிலேயே பேசலாம். ஆனால் அவர்களால் கடையிடம் கேட்க முடியும், கட்டாயப்படுத்த முடியாது. பெயருக்கு அஞ்சும் பெரிய கடையிடம் பலிக்கும். என் கடை அசையவில்லை.

கார்டில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக்தான், அதாவது கார்டு தந்த வங்கி மூலமாகவே பணத்தைத் திரும்ப வாங்குவதுதான், என் முதல் சாய்ஸ். பொருள் வராத தகராறுக்கு விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் கெடு. முன்பதிவில் அது டெலிவரி செய்வதாகச் சொன்ன தேதியிலிருந்து ஓடும். வங்கி கேட்பது காகிதம்: ஆர்டர் ரசீது, தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், ரீஃபண்ட் கேட்ட மெயில். இங்கேதான் நான் கிட்டத்தட்ட மாட்டிக்கொண்டேன். இரண்டாவது தாமத மெயிலுக்கு, "பரவாயில்லை, காத்திருக்கிறேன்" என்று நல்ல பிள்ளையாகப் பதில் போட்டிருந்தேன். கடை அதையே சாட்சியாக நீட்டியது. அதற்குப் பிறகு சொன்ன தேதியும் தாண்டிவிட்டதால் தப்பித்தேன். ஆறு வாரத்தில் பணம் வந்தது.

அதே கடையில் யுபிஐயில் கட்டிய நண்பருக்கு அந்த கார்டு விதிகளின் பிடிமானம் இல்லை. அவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். பொருளுக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ருதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே. இரண்டு வருட அவகாசமும் உண்டு. மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று அசலுக்கு மேலும் கேட்க இந்த ஒரு வழிதான். சட்டம் சொல்வது மூன்று மாதம், நடப்பது வாய்தா. நண்பருக்கு இது நான்காவது வாய்தா. அசல் மட்டும் தருகிறோம், வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்று இப்போது கடையே போன் செய்கிறதாம். மாட்டேன் என்கிறார்.