ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து: என் அனுபவம்

பேரனுக்கு ஒன்றரை மாதம் ஆனதும், சின்னப் பிள்ளைகளுக்குக் கடும் பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்து போட எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதன்கிழமை காலையிலேயே மருமகளோடு போனேன். கூட்டம் அதிகம். பச்சை உடம்புக்காரிகள் உட்காரப் போதுமான பெஞ்சு இல்லை, அதுதான் பெரிய குறை.

மருந்து போட்ட விதத்தில் குறையே சொல்ல முடியாது. பிள்ளையை மடியில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, கன்னத்தின் உட்பக்கமாக ஒவ்வொன்றாக ஐந்து சொட்டு விட்டார் நர்ஸ். அவன் சப்புக்கொட்டி விழுங்கிவிட்டான். எங்களுக்குக் கிடைத்தது ரோட்டாவேக் என்ற மருந்து, நம் நாட்டிலேயே தயாராவது. 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை. காசு வாங்குவதில்லை. தமிழ்நாட்டில் 2017-லிருந்து இலவசமாகவே போடுகிறார்கள்.

"இனி பேதியே வராதாம்மா?" என்று கேட்டேன். "வரலாம் பாட்டி. நோரோ, அடினோ என்று வேறு வைரஸும் இருக்கு. இது ரோட்டாவால் உயிருக்கு ஆபத்தாகிற அளவுக்குப் போகாமல் காப்பாற்றும்" என்றார். இப்படிப் பொறுமையாகப் பதில் சொல்கிறவர் கிடைப்பது பெரிய விஷயம்.

பேதி வந்தால் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, பெரிய ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், துத்தநாக மாத்திரை 14 நாள் என்றும் சொல்லி அனுப்பினார். பாதி பாக்கெட்டைத் தம்ளரில் கலக்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

தவணை தள்ளிப்போனவர்களும் போகலாம், ஆனால் முதல் தவணையை ஒரு வயதுக்குள் போட்டாக வேண்டும். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.