வூஹான் பயணிகள் படகு: சுற்றுலாக் கப்பல் காசை மிச்சம் பிடிக்கலாம்

வூஹானில் யாங்சே ஆற்றைக் கடக்கப் பாலங்களே பத்துக்கு மேல் வந்துவிட்டன, 2012 டிசம்பரிலிருந்து ஆற்றுக்கு அடியில் மெட்ரோவும் ஓடுகிறது. அப்படியிருந்தும் வூசாங் கரையில் இருக்கும் ஜோங்ஹுவா சாலைத் துறைக்கும் ஹான்கோ கரையில் இருக்கும் வூஹான்குவான் துறைக்கும் நடுவே பயணிகள் படகு இன்னும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறது. டிக்கெட் சில யுவான்தான். இந்த ஊரில் அரை நாள்தான் இருப்பேன், எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் மஞ்சள் கொக்குக் கோபுரத்தை நான் சொல்லமாட்டேன், இந்தப் படகைத்தான் சொல்வேன். கோபுரம் 1884ல் எரிந்துபோய், அது நின்ற இடத்தைப் பின்னாளில் பாலம் எடுத்துக்கொண்டு, கடைசியில் 1985ல் கொஞ்சம் தள்ளி கான்கிரீட்டில் கட்டியது. உள்ளே லிஃப்ட் வேறு. படகு அப்படியில்லை, இன்றைக்கும் ஊர்க்காரர்கள் அக்கரைக்குப் போக ஏறுகிற படகு.

ஒரு யோசனை: வூசாங் கரையில் ஏறுங்கள். எதிர்த்திசையில் வந்தால் ஆற்றோட்டத்தை எதிர்த்துப் படகு திணறித் திணறி வரும், பார்க்க வேண்டியதும் தலைகீழ் வரிசையில் வரும்.

துறையையே கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அது கரையோடு சேர்த்துக் கட்டிய மேடை இல்லை, ஆற்றில் மிதக்கும் பெரிய இரும்பு மிதவை. கரையிலிருந்து அதற்கு ஒரு நடைபாலம் இறங்குகிறது. கோடையில் ஆறு பெருகி நிற்கும்போது நடைபாலம் கிட்டத்தட்ட மட்டமாகக் கிடக்கும், குளிர்காலத்தில் சரிவு கூடி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். ஒரே வருடத்தில் நீர்மட்டம் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிற ஆறு இது. ஹான்கோ அளவீட்டில் 1931ல் 28.28 மீட்டர், 1954ல் 29.73, 1998ல் 29.43 என்று ஏறியிருக்கிறது. 1931ல் ஹான்கோ தெருக்களில் தோணி விட்டார்கள். 1954ன் அளவைத்தான் இதுவரை எந்த வெள்ளமும் தாண்டவில்லை. மேலே மூன்று பள்ளத்தாக்கு அணை வந்த பிறகு பயம் குறைந்திருக்கிறதே தவிர, மிதவையும் நடைபாலமும் அப்படியேதான் இருக்கின்றன.

படகு பெரிய சொகுசு எதுவும் கிடையாது. கீழ்த்தளத்தில் மின்சார ஸ்கூட்டர்கள், சைக்கிள்கள், அவற்றில் சாய்ந்து நின்றபடி போனைப் பார்க்கிற ஆட்கள். மேல்தளத்தில் காற்று. காலையில் போனால் எள் விழுது போட்டுப் பிசைந்த ரெகன்மியன் நூடுல்ஸைக் காகிதக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறவர்களைப் பார்க்கலாம், அந்த வாசனை படகு முழுக்கச் சுற்றும். சங்கு ஊதும், கயிறு கழலும், படகு கிளம்பிவிடும். அக்கரை போய்ச்சேரக் கால் மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே.

கிளம்பியதும் பின்னால் திரும்பிப் பாருங்கள். பாம்பு மலைக்கும் ஆமை மலைக்கும் நடுவே நீண்டு கிடக்கிறதே, அதுதான் 1957 அக்டோபர் 15 அன்று திறந்த முதல் யாங்சே பாலம். மேலே சாலை, கீழே ரயில், எட்டுத் தூண்கள், மொத்த நீளம் 1,670 மீட்டர், கட்டியபோது சோவியத் பொறியாளர்களின் உதவி இருந்தது. இந்தப் பாலம் எதை மாற்றியது என்பது ரயில் கணக்கைப் பார்த்தால்தான் புரியும். பெய்ஜிங்கிலிருந்து வந்த பாதை 1906லேயே ஹான்கோவுக்கு வந்துவிட்டது, தெற்கே குவாங்சோவிலிருந்து வந்த பாதை 1936ல் வூசாங்கில் முட்டி நின்றது, நடுவில் ஆறு. 1937லிருந்து ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி அக்கரை கொண்டுபோனார்கள். அந்தக் கூத்தெல்லாம் 1957ல் முடிந்தது, நாட்டின் வடக்கும் தெற்கும் ரயிலில் ஒன்றானது இங்கேதான்.

இனி இடது பக்கம் பாருங்கள், கண்ணை எடுக்காதீர்கள். ஆமை மலையைத் தாண்டியதும் ஹான் நதி வந்து யாங்சேயில் விழுகிறது. இரண்டு நீரும் இரண்டு நிறம், நடுவில் கோடு போட்ட மாதிரித் தெரியும் (மழைக்காலத்தில் சில நாள் எல்லாமே சேற்று நிறம்தான், ஏமாற வேண்டாம்). இந்தக் கூடுமுகம்தான் ஊரின் மொத்த ரகசியம். பதினைந்தாம் நூற்றாண்டில், மிங் பேரரசின் செங்ஹுவா காலத்தில், ஹான் நதி தடம் மாறி இப்போதிருக்கும் வாய்க்கு வந்தது. அதுவரை ஹான்யாங்கோடு சேர்ந்து கிடந்த சதுப்பு நிலம் தனியே பிரிந்து ஹான்கோ ஆனது. வூசாங் கோட்டையும் அலுவலகமுமாக இருந்த பழைய ஊர், ஹான்யாங்கும் பழசு, ஹான்கோ மட்டும் ஐந்நூறு வருடத்துக் குட்டி. ஆனால் காசு புரண்டது அந்தக் குட்டியிடம்தான். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் வூஹான். படகில் இருந்தபடி மூன்று ஊரையும் ஒரே பார்வையில் பிடிக்கலாம், வரைபடமே தேவையில்லை.

அந்தக் கூடுமுகத்தில் ஹான்கோ பக்கத்துக் கரைக்கு லோங்வாங்மியாவ் என்று பெயர். 1998 வெள்ளத்தில் ரொம்ப ஆபத்தான இடம் இதுதான். கரையைக் காத்த கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் 16 பேர், கரை போனால் நாங்களும் போவோம் என்று பெயர் எழுதிப் பலகை வைத்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஆமை மலை அடிவாரத்துக் கதை. 1889ல் இங்கே ஆளுநராக வந்த ஜாங் ஜிடோங், மலைக்கு வடக்கே ஹான் நதிக்கரையில் இரும்பாலை கட்டினார். 1894ல் உலை எரிந்தது, ஜப்பானின் யவாட்டா ஆலை வருவதற்கு ஏழு வருடம் முன்பே. சரி, சாதனைதான், ஆனால் எந்தத் தாதுவை உருக்கப்போகிறோம் என்று சோதித்துப் பார்க்காமலே பிரிட்டனில் பெசமர் என்ற ரக எஃகு உலைகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். தாயே என்ற ஊர்ச் சுரங்கத்துத் தாதுவில் பாஸ்பரஸ் அதிகம், அந்த ரக உலையால் பாஸ்பரஸை நீக்க முடியாது, அதனால் வந்த எஃகு நொறுங்குகிற எஃகு, தண்டவாளத்துக்கு ஆகவில்லை. பக்கத்தில் நல்ல நிலக்கரியும் இல்லை, பின்னால் பிங்ஷியாங்கிலிருந்து கொண்டுவந்தார்கள். உலை மாற்றவே பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அப்புறம் 1908ல் ஆலை, சுரங்கம், நிலக்கரி மூன்றையும் சேர்த்து ஹான்யேபிங் நிறுவனம் என்றார்கள், அதுவும் ஜப்பானியக் கடனில் மாட்டி, தாது கப்பல் கப்பலாக யவாட்டாவுக்கே போனது. 1938ல் போர் நெருங்கியதும் இயந்திரங்களைப் பிரித்து ஆற்றிலேயே மேலே சோங்சிங் வரை கொண்டுபோனார்கள், அங்கே இன்னொரு எஃகாலை அதில் பிறந்தது. ஆலைக்குப் பக்கத்தில் இருந்த ஆயுதச் சாலை வேறு கதை: 1911 அக்டோபர் 10 அன்று வூசாங்கில் சிப்பாய்கள் கிளர்ந்தபோது ஆற்றின் இந்தப் பக்கத்து ஆயுதச் சாலையையும் உடனே பிடித்துக்கொண்டார்கள், சீனாவை ஆண்ட சிங் பேரரசு அடுத்த சில மாதங்களில் விழுந்தது.

எதிரே வளர்ந்துகொண்டே வருகிற மணிக்கூண்டு, 1924ல் கட்டி முடித்த சுங்க அலுவலகம். இப்போது அருங்காட்சியகம். 1861ல் ஹான்கோ துறைமுகம் வெளிநாட்டாருக்குத் திறந்தது, முதலில் பிரிட்டன், பிறகு ஜெர்மனி, ரஷ்யா, பிரான்ஸ், ஜப்பான் என்று ஆளுக்கொரு துண்டு நிலம் வாங்கிக் கரையோரம் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். எல்லாம் தேயிலைக்காக. ரஷ்ய வியாபாரிகள் தேயிலைத் தூளை நீராவி இயந்திரத்தில் அழுத்திச் செங்கல் மாதிரிக் கட்டியாக்கி சைபீரியா வரை அனுப்பினார்கள். கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊருக்குக் கோடையில் கடல் கப்பல் நேராக வந்து நின்றது என்றால் அதற்கு இந்த ஆற்றின் ஆழம்தான் காரணம்.

இந்தச் சவாரியில் ஒரு குறை உண்டு. இன்றைய தொழில் எதுவும் கண்ணில் படாது. 1958ல் முதல் இரும்பு உருக்கிய வூஹான் எஃகாலை கீழே சிங்ஷானில் இருக்கிறது (2016ல் ஷாங்காயின் பாவோஸ்டீலோடு சேர்ந்து பாவூ ஆகிவிட்டது), தோங்ஃபெங் கார் ஆலைகள் தென்மேற்கே, 1976ல் சீனாவின் முதல் ஆப்டிகல் ஃபைபரை இழுத்த ஊர் என்ற பெருமையில் வளர்ந்த 'ஒளிப் பள்ளத்தாக்கு' வூசாங்குக்கு உள்ளே, கன்டெய்னர் துறைமுகம் இன்னும் கீழே யாங்லோவில். படகிலிருந்து தெரிவது கரியும் மணலும் ஏற்றி, தண்ணீர் விளிம்பைத் தொடுகிற அளவுக்கு அமிழ்ந்து போகும் சரக்குக் கப்பல்கள் மட்டும்தான். அவை வரும்போது நம் படகு வேகம் குறைத்து ஒதுங்கி வழிவிடும், அது பார்க்க நன்றாகவே இருக்கும்.

இரவுச் சுற்றுலாக் கப்பலை ஒப்பிடாமல் விட முடியாது. நான் போன கப்பலின் பெயர் வேண்டாம். விலை பல மடங்கு, ஒலிபெருக்கியில் ஓயாத வர்ணனை, கட்டடம் முழுக்க ஓடுகிற விளக்குப் படங்கள், கூடுமுகம் வந்தபோது எல்லாரும் உள்ளே தட்டை வைத்துக்கொண்டு வரிசையில். விளக்குதான் வேண்டும் என்றால் இருட்டிய பிறகு இதே பயணிகள் படகில் ஏறினாலும் அதே விளக்குதான் தெரியும்.

சில நடைமுறை விஷயங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் மதியம் ஏறாதீர்கள், இந்த ஊரை அடுப்பு நகரம் என்பது சும்மா இல்லை, இரும்புத் தளம் காலணியைத் தாண்டிச் சுடும். விடுமுறை நாள் மாலையில் கூட்டம் தாங்காது, மேல்தளத்து விளிம்பு கிடைக்காது. வேலைநாள் காலை பத்து மணிக்கு மேல் சரியான நேரம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று துறையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தவறவிட்டாலும் ஒன்றும் ஆகாது, ஜியாங்ஹான் சாலை நிலையத்தில் 2ஆம் எண் மெட்ரோவில் ஏறினால் அடுத்த நிலையம் அக்கரைதான். ஆற்றுக்குக் கீழே போகும்போது ஜன்னலில் தெரிவது உங்கள் முகம் மட்டும்.