பச்சோந்திக்கு முதன்மை இரை: சுவர்க்கோழியா, டூபியா கரப்பானா?

ஒரே பூச்சியை மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தால் பச்சோந்தி ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். அதனால் இரையை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் எத்தனை வகை வாங்கி வைத்தாலும் பாதி வயிற்றையாவது நிரப்பப்போவது ஒரே பூச்சிதான். அந்த இடத்துக்குத்தான் சுவர்க்கோழிக்கும் டூபியா கரப்பானுக்கும் போட்டி. நான் டூபியா கட்சி. வளர்ந்த வெயில்டு, பாந்தர் இனப் பச்சோந்திகளை வைத்தே சொல்கிறேன்.

சத்துக்கணக்கை வைத்து இந்தப் போட்டியைத் தீர்க்க முடியாது. இரண்டிலும் புரதம் ஏறக்குறைய 20 சதவீதம், கொழுப்பு குறைவு. இரண்டிலும் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். எதைக் கொடுத்தாலும் வைட்டமின் டி3 கலக்காத கால்சியம் பொடியை ஒவ்வொரு முறையும் மெல்லிசாகத் தூவியே ஆகவேண்டும். டி3 உள்ள கால்சியம் மாதம் இரண்டு முறை, மல்டிவைட்டமின் மாதம் இரண்டு முறை போதும். டி3 கூடினால் உள்ளுறுப்புகளில் கால்சியம் படியும். பொடியையே மறந்தால் எலும்பு வளைந்து, தாடை தொய்ந்து, நாக்கை வீசவே வலுவில்லாமல் போகும்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? பூச்சியை அடைத்து வைக்கும் பெட்டியில். இரைப்பூச்சி என்பது, கடைசி ஒன்றிரண்டு நாளில் அது தின்றதைச் சுமந்து வரும் ஒரு பை. பட்டினி கிடந்த பூச்சியில் மேலோடும் கொஞ்சம் புரதமும்தான் மிச்சம். சுவர்க்கோழியில் இதுதான் பெரிய தலைவலி. கடையிலிருந்து வரும்போதே அட்டையைக் கடித்துப் பசியோடு வருகிறது. வாங்கிய பிறகு ஒன்றிரண்டு நாள் நல்ல தீனி போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளியிலேயே ஒரு பங்கு செத்துவிடும். வளர்ந்த சுவர்க்கோழிக்கு ஆயுளே இரண்டு மூன்று வாரம்தான். ஈரம் கூடினால் சாகும், காற்று போகாவிட்டால் சாகும், தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் மூழ்கிச் சாகும். செத்ததை மற்றவை தின்னும். நாற்றத்தையும் ராத்திரி கச்சேரியையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டூபியா இந்த அவசரம் எதையும் காட்டாது. வளர்ந்தது ஒரு வருடத்துக்கு மேலேயே வாழும். வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் ஏறத் தெரியாது. சத்தமில்லை. தினமும் தின்றுகொண்டே இருப்பதால், எப்போது கை விட்டு எடுத்தாலும் வயிறு நிறைந்த பூச்சிதான் கிடைக்கும்.

ஒரு பச்சோந்திக்குத் தேவையான கூட்டம் பெரிதல்ல. ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து பூச்சி என்றால் மாதத்துக்கு 75. ஒரு பெண் டூபியா சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 20 முதல் 30 குஞ்சு போடும். 15 பெண்ணும் 4 ஆணும் இருந்தால் தாராளம். முழு இறக்கை இருப்பது ஆண்; வெறும் இறக்கை மொட்டு மட்டும் இருந்தால் பெண். வெளிச்சம் புகாத, மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டி எடுத்து, மூடியில் ஓட்டை போட்டு உலோக வலை ஒட்டுங்கள். முட்டை அட்டைகளைப் படுக்க வைக்காமல் நெட்டுக்குத்தலாக அடுக்கினால் எச்சம் அடியில் விழுந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் வெப்பத்தகடு வைத்து அங்கே 30 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரும்படி பாருங்கள். சூடு குறைந்தால் பூச்சி சாகாது, குட்டி போடுவதை நிறுத்திவிடும். ‘டூபியா பெருகவே மாட்டேன் என்கிறது’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இன்னொரு காரணம் அவசரம். குஞ்சு வளர்ந்து பெரிதாக நாலு முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை இந்தத் தொட்டியில் கை வைக்காமல், இரைக்கான பூச்சியைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

தீனியாக கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பூசணி, ஆரஞ்சு, கடுகுக்கீரை போடலாம். பாலக் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். நாய், பூனை உணவைப் போட்டுக் கரப்பானைக் கொழுக்க வைப்பவர்கள் உண்டு. அதிகப் புரதத்தைக் கரப்பான் யூரிக் அமிலமாக உடலில் சேமித்து வைக்கும். அந்தச் சுமையைப் பச்சோந்தியின் சிறுநீரகத்துக்கு ஏன் அனுப்ப வேண்டும்? மிச்சத் தீனியைப் பூஞ்சை பிடிக்கும் முன் எடுத்துவிடுங்கள். எச்சத்தைச் சலிக்கும்போது முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூசு சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும்.

டூபியாவிலும் குறை உண்டு. பச்சோந்தி அசைவைப் பார்த்துத்தான் நாக்கை வீசும். டூபியாவோ ஆள் அரவம் கேட்டால் செத்ததுபோல் கிடக்கும், இல்லையென்றால் மண்ணுக்குள் புகுந்துவிடும். கூண்டில் விட்டால் பாதி வீண்தான். வழுவழுப்பான ஆழமான கிண்ணத்தை, பச்சோந்தி வழக்கமாக உட்காரும் கிளைக்குச் சற்றுக் கீழே கட்டி அதில் போடுங்கள். ஏற முயன்று சறுக்கும் அசைவே கண்ணை இழுத்துவிடும். பூச்சியின் அளவு பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக்கூடாது. இந்த அசைவு விஷயத்தில் சுவர்க்கோழிக்குத்தான் முதல் மார்க். முட்டையிலிருந்து வெளிவந்து சில வாரமே ஆன பச்சோந்திக் குட்டிகளுக்கு பழ ஈயும் பொடிச் சுவர்க்கோழியும் போதும். அங்கே டூபியாவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் சுவர்க்கோழி மிச்சமானால் ராத்திரி கூண்டில் விடாதீர்கள். தூங்கும் பச்சோந்தியையே கடிக்கும்.

மீதி இடத்துக்குப் பட்டுப்புழுவை முதலில் சேர்ப்பேன். மெத்தென்ற உடல், கொழுப்பு சொற்பம். ஈரக்கையோடு தொட்டால், இலை நனைந்திருந்தால், கூட்டமே கறுத்துச் சாகும். பிளாக் சோல்ஜர் ஈயின் புழு விதிவிலக்கான பூச்சி. பாஸ்பரஸைவிடக் கால்சியம் அதிகம் என்பதால் பொடி தேவையில்லை. ஆனால் சில சமயம் செரிக்காமல் முழுசாகவே எச்சத்தில் வெளியே வரும். கறுத்த கூட்டுப்புழுக்களை ஒரு டப்பாவில் போட்டுக் கூண்டுக்குள் திறந்து வையுங்கள், ஈயாகப் பறக்கும்போது பச்சோந்தி விட்டுவைக்காது. ஹார்ன்வார்ம் என்ற அந்துப்பூச்சிப் புழு கிட்டத்தட்ட 85 சதவீதம் தண்ணீர், அதனால் நீர்ச்சத்து குறைந்த நேரத்துக்கு ஏற்றது. அதையே முதன்மை இரையாக நீண்டகாலம் கொடுத்த அனுபவம் எனக்கு இல்லை என்பதால் வாரம் ஒன்றிரண்டோடு நிறுத்தச் சொல்வேன். சூப்பர்வார்ம் என்ற வண்டுப்புழு, மெழுகுப்புழு இரண்டும் கொழுப்பு மூட்டை, எப்போதாவது ஒன்று.

சுவர்க்கோழிக்கே பழகிய பச்சோந்தி டூபியாவைக் கண்டு முறைத்தால், கிண்ணத்தில் நாலு சுவர்க்கோழியோடு ஒரு சின்ன டூபியாவைக் கலந்து ஆரம்பியுங்கள். படபடக்கும் ஆண் டூபியா பெரும்பாலும் சீக்கிரம் பிடிபடும். நன்றாகத் தின்று வளர்ந்த பச்சோந்தி ஒருவாரம் அடம்பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் கண் உள்வாங்கியிருந்தாலோ, நாக்கு குறிதவறினாலோ அது அடம் அல்ல, ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய நேரம்.