லைட்னிங் நோட்: மலைவீட்டிலா, வாடகைச் சேர்வரிலா?

அப்புத்தளையில் நாங்கள் நடத்தும் சிறிய விடுதிக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளில் சிலர் பிட்காயினில் கட்டணம் செலுத்தலாமா என்று கேட்பதுண்டு. இடைத்தரகர் இல்லாமல் அதைப் பெற, 2017 இல் தொடங்கப்பட்ட பிடிசிபே சேர்வர் என்ற திறந்த மூல மென்பொருளும் ஒரு லைட்னிங் நோடும் (பிட்காயின் கொடுப்பனவுகளை விரைவாக நடத்தும் லைட்னிங் வலையமைப்பில் இணையும் கணினி) போதும். அந்த நோடை வீட்டில் வைப்பதா, வெளிநாட்டுத் தரவு மையத்தில் மாத வாடகைக்கு எடுக்கும் விபிஎஸ் எனும் மெய்நிகர் சேர்வரில் வைப்பதா என்பதை இங்கே அலசுகிறேன். இலங்கை மத்திய வங்கி இந்நாணயங்களைச் சட்டபூர்வ நாணயமாக ஏற்கவில்லை. பலமுறை எச்சரித்தும் இருக்கிறது. பணம் பறிபோனால் முறையிட இடமில்லை என்பதால் காவல் முழுவதும் நம் பொறுப்பு.

பிட்காயினின் பொதுப் பேரேடான பிளாக்செயினில் நேரடியாக வரும் தொகைக்கு, எங்கு வைத்தாலும், சேர்வரில் எக்ஸ்பப் எனும் பொதுத் திறவுகோல் மட்டும் இருந்தால் போதும்; பணத்தை நகர்த்தும் அந்தரங்கத் திறவுகோல் ஹார்ட்வேர் வொலட் எனும் தனிக் கருவியில், அலுமாரிக்குள் இருக்கலாம். இரு நோடுகள் தமக்கிடையே தொகையைப் பரிமாறத் திறக்கும் லைட்னிங் சனல்களுக்கோ ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் கையொப்பம் தேவைப்படுவதால், திறவுகோல் இயங்கும் கணினியிலேயே இருந்தாக வேண்டும். ஒப்பிட வேண்டியது அந்தத் தொகையின் காவலைத்தான்.

மலையகத்து வீட்டில் நான் முதலில் அஞ்சுவது பிற்பகல் இடியைத்தான். ஒக்டோபர், நவம்பரில் முதல் முழக்கம் கேட்டதும் இங்கே எல்லோருடைய கையும் தானாகவே பிளக்கைக் கழற்றப் போகும். ஒருமுறை தொலைபேசிக் கம்பி வழியே வந்த மின்னல் எங்கள் ரவுட்டரைக் கருக்கியது. லேன் கேபிள் செருகும் துளையைச் சுற்றிக் கரி படிந்திருந்தது, அந்தக் கேபிளின் மறுமுனையில் நோட் இருந்தது. அன்று முதல் நோடை வைஃபையில் மட்டுமே இணைக்கிறேன்.

கருவி எரிவதைவிடக் கொடியது, மின்வெட்டில் சனல் தரவுத்தளம் சிதைவது. பழைய பிரதியொன்று கையில் இருந்தால் அதைப் போட்டு இயக்கத் தோன்றும். அப்படி இயக்கிக் காலாவதியான இருப்பு நிலையை வெளியிட்டால், மறுபக்கத்தார் அதை மோசடியாகக் கருதித் தண்டப் பரிவர்த்தனை மூலம் அந்தச் சனலின் தொகை முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியும். லைட்னிங் நோடை இயக்கும் எல்என்டி மென்பொருளில் சனல்.பேக்கப் என்ற சிறிய கோப்பையும் திறவுகோலை மீட்டெடுக்கும் 24 சொற்களையும் மட்டுமே வெளியே பத்திரப்படுத்த வேண்டும். அந்தக் கோப்பு சனல்களை மூடித் தொகையை மீட்க மட்டும் உதவுவது, ஆகவே ஆபத்தில்லாதது. யூபிஎஸ் கட்டாயம்.

விபிஎஸ்ஸில் இடியும் மின்வெட்டும் கவலையில்லை. ஆனால் டிஸ்க்கையும் நினைவகத்தையும் நிறுவனம் பிரதியெடுக்கலாம், அதன் நிர்வாகத் தளத்தைக் கைப்பற்றியவரும் எடுக்கலாம். 2012 மார்ச்சில் லினோட் நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில், வாடிக்கையாளர்களின் சேர்வர்களிலிருந்து 46,000க்கும் மேற்பட்ட பிட்காயின்கள் திருடப்பட்டன. கடவுச்சொல் வழி எஸ்எஸ்எச் எனும் தொலைநிலை நுழைவை மூடியிருந்தாலும் இந்த வழிக்குத் தடையில்லை. வீட்டிலோ டிஸ்க்கை மறையாக்கம் செய்திருந்தால் பெட்டியைத் தூக்கிச் செல்லும் திருடனுக்கும் அது பயன்படாது.

வெளித் தொடர்பிலும் வீடே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. முகவரியை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாக இணைத்தால் ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை, வீட்டு ஐபி முகவரியும் வெளியே தெரியாது. கொடுப்பனவு சற்றுத் தாமதிக்கும். அறைக் கட்டணத்துக்கு அது பொருட்டில்லை. வரவேற்பறைத் தொலைபேசியில் நோடின் முழு உரிமையும் தரும் அட்மின் மக்கரூன் எனும் அனுமதிக் கோப்பை ஒருபோதும் வைக்கக் கூடாது. கட்டணக் கோரிக்கை உருவாக்கும் உரிமை மட்டும் உள்ள இன்வாய்ஸ் மக்கரூன் போதும். சனலில் சேரும் தொகையை வாரந்தோறும் ஹார்ட்வேர் வொலட்டுக்கு மாற்றிவிடுகிறேன்.

வீட்டு நோட் நெடுநேரம் அணைந்து கிடந்தால், மறுபக்கத்தார் பழைய நிலையை வெளியிட்டு ஏமாற்ற இடமுண்டு. எல்என்டியில் அதற்கு எதிர்வினை காட்டக் கிடைக்கும் அவகாசம் சனலின் அளவைப் பொறுத்து 144 முதல் 2,016 பிளாக்குகள். 144 என்பது ஏறக்குறைய ஒரு நாள். புயலில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் இங்கே ஒரு நாள் எளிதில் கடந்துவிடும். ஆகவே மலிவான விபிஎஸ் ஒன்றையும் எடுத்து, அதில் திறவுகோல் எதுவும் வைக்காமல், நோட் அணைந்திருக்கும்போது சனல்களைக் கண்காணித்து ஏமாற்றைத் தடுக்கும் வொச்டவரை மட்டும் இயக்குகிறேன். அதற்குள் எவர் புகுந்தாலும் கிடைப்பது மறையாக்கம் செய்த தண்டப் பரிவர்த்தனைகள் மட்டுமே. அவற்றைக் கொண்டு பிட்காயினின் மிகச் சிறிய அலகான ஒரு சதோஷியைக்கூட நகர்த்திக்கொள்ள முடியாது.