விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகு: மத்திய அரசின் வழக்கா, சிவில் வழக்கா?

தற்காப்புக்காகத்தான் சுட்டேன் என்று சொன்னவரை அமெரிக்க ஜூரி விடுதலை செய்துவிட்டால், ஊரிலிருந்து போனில் பேசும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்பீல் போகலாமே?" நியாயமான கேள்விதான். இந்தியாவில் விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யலாம். 2009 திருத்தத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பமே செய்யலாம். அமெரிக்காவில் அந்த வழியே கிடையாது. ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம். விடுதலை அப்பட்டமான தவறின் மேல் நின்றாலும் அது இறுதியானதுதான் என்று 1962-இல் ஃபாங் ஃபூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, அப்பீலை மறந்துவிடலாம்.

மிச்சம் இருப்பவை நான்கு. மத்திய அரசு தனியாக வழக்குப் போடுவது, குடும்பம் இழப்பீடு கேட்டு சிவில் வழக்குப் போடுவது, மாநிலத்தின் பாதிக்கப்பட்டோர் நிதியைக் கேட்பது, சட்டத்தையே மாற்றப் போராடுவது. உண்மையான போட்டி முதல் இரண்டுக்குள்தான்.

இந்தக் கேள்வி எங்கள் குடும்பத்துக்கே வந்தது. பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் வண்டி நிறுத்தும் இடத்தில் நடந்த தகராறில் சுடப்பட்டு இறந்தார். உயிருக்குப் பயந்து சுட்டதாகச் சுட்டவர் தரப்பு வாதாடியது. ஜூரி அதை ஏற்றுக்கொண்டது. அண்ணி சிவில் வழக்கைத் தேர்ந்தெடுத்தார். வந்த காகிதங்களை எல்லாம் படித்து அவருக்குச் சொல்லும் வேலை எனக்கு. நான் வக்கீல் இல்லை. அண்ணி எடுத்த முடிவின் பக்கம்தான் நான் சாய்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மத்திய அரசின் வழக்கைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். மாநிலம் விடுதலை செய்த பிறகும் மத்திய அரசு வழக்குப் போட முடியும், ஏனென்றால் இரண்டும் தனித்தனி இறையாண்மைகள், அதனால் ஒரே செயல் இரண்டு தனிக் குற்றமாகும் என்பது அங்கே நூறு வருடமாக நிற்கும் கொள்கை. 2019-இல் கேம்பிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுபடி உறுதி செய்தது. இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ராட்னி கிங். அவரை அடித்த லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரர்கள் நால்வரில் ஒருவரைக்கூட 1992 ஏப்ரலில் மாநில ஜூரி தண்டிக்கவில்லை. அடுத்த வருடம் மத்திய வழக்கில் இருவர் தண்டிக்கப்பட்டு, ஆளுக்கு 30 மாதம் சிறை பெற்றார்கள்.

ஆனால் அவர்கள் போலீஸ்காரர்கள். அரசு அதிகாரத்தைப் பயன்படுத்தி ஒருவரின் உரிமையைப் பறித்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. சுட்டவர் சாதாரண ஆளாக இருந்தால் அந்தப் பிரிவு பெரும்பாலும் பொருந்தாது. அப்போது கையில் எஞ்சுவது 2009-இன் வெறுப்புக் குற்றச் சட்டம். அதன்படி, இனம் போன்ற ஒரு காரணத்தால்தான் சுட்டார் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். ஒருவர் மனதில் என்ன இருந்தது என்பதை எப்படி நிரூபிப்பது? ஜார்ஜியாவில் கறுப்பின இளைஞர் அகமது ஆர்பெரியைத் துரத்திக் கொன்ற வெள்ளையர் மூவரும் 2022-இல் மத்திய வழக்கிலும் தண்டிக்கப்பட்டார்கள் என்றால், அவர்கள் முன்பே எழுதிய இனவெறிச் செய்திகளும் சமூக ஊடகப் பதிவுகளும் சாட்சிகளும் கிடைத்ததுதான் முக்கியக் காரணம். அதுவும் மாநில நீதிமன்றம் அவர்களை ஏற்கெனவே தண்டித்த பிறகு நடந்தது. டிரேவான் மார்ட்டின் என்ற கறுப்பினச் சிறுவன் சுடப்பட்ட வழக்கில் அப்படி எதுவும் அமையவில்லை. அவனைச் சுட்ட ஜார்ஜ் ஜிம்மர்மேன் 2013 ஜூலை 13 அன்று ஃபுளோரிடாவில் விடுதலையானார். நீதித் துறை விசாரித்துவிட்டு, குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று 2015 பிப்ரவரியில் கோப்பை மூடியது.

அந்தத் தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். சிறுவன் இறந்தது 2012 பிப்ரவரி. மத்திய அரசின் பதில் வர மூன்று வருடம். ஃபுளோரிடாவில் மரண இழப்பீட்டு வழக்குக்கான கெடு பொதுவாக இரண்டு வருடம் (வேண்டுமென்றே செய்த கொலை என்று வாதிடும் வழக்குக்கு மட்டும் கெடு இல்லை), அது ஓடத் தொடங்குவது இறந்த நாளிலிருந்து. விடுதலையான நாளிலிருந்து அல்ல. கிரிமினல் விசாரணை முடிவதற்குள்ளேயே பதினாறு மாதத்துக்கு மேல் போய்விட்டது. மத்திய அரசு பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கும் குடும்பம், பதில் வருவதற்குள் மற்ற வழியையும் இழந்துவிடக்கூடும். சில மாநிலங்களில் கெடு வேறு, சிலவற்றில் கிரிமினல் வழக்கு நடக்கும்போது கடிகாரம் நிற்கும். அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்னொன்று, மத்திய வழக்கில் குடும்பத்துக்கு எந்தப் பிடியும் கிடையாது. மனு கொடுக்கலாம், கையெழுத்து வாங்கலாம். வழக்குப் போடுவதும் போடாததும் அரசு வக்கீலின் முடிவு.

சிவில் வழக்கின் சாதகங்கள் பலருக்கும் தெரிந்தவைதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை, எந்தப் பக்கம் தராசு சற்றே சாய்கிறது என்று காட்டினால் போதும். கிரிமினல் வழக்கில் தற்காப்பு இல்லை என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். சிவிலில் பெரும்பாலும் சுட்டவர்தான் தற்காப்பை நிரூபிக்க வேண்டும். பல மாநிலங்களில் ஜூரி ஒருமனதாக இருக்க வேண்டியதும் இல்லை; கலிஃபோர்னியாவில் பன்னிரண்டில் ஒன்பது பேர் போதும். அப்புறம், அங்கே வாயை மூடிக்கொண்டிருந்தவரை இங்கே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம். பதில் சொல்ல மறுத்தால், பல மாநிலங்களில் அதிலிருந்து ஜூரி தனக்குத் தோன்றும் முடிவுக்கு வரலாம். அண்ணிக்கு இதுதான் பெரிதாக இருந்தது. அன்றைக்கு என்ன நடந்தது என்று அந்த ஆள் சத்தியம் செய்துவிட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. வழக்கைக்கூட அண்ணி தன் பெயரில் நேராகப் போட முடியவில்லை; அண்ணனின் சட்டப் பிரதிநிதியாக நீதிமன்றம் அவரை முதலில் நியமிக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு சாதகம் இருந்தும் அமெரிக்காவில் ஏன் எல்லோரும் சிவில் வழக்குப் போடுவதில்லை? வக்கீல் அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வியிலேயே விடை இருந்தது. சம்பவத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. "சுட்டவருக்குச் சொந்த வீடு இருக்கிறதா? வீட்டுக் காப்பீடு இருக்கிறதா?" என்றுதான் கேட்டார். இப்படிப்பட்ட வழக்குகளை வக்கீல்கள் பொதுவாக முன்பணம் வாங்காமல், வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில்தான் எடுக்கிறார்கள். வசூலாகாத தீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு என்றால் அதுவும் பூஜ்யம்தான்.

வசூல் என்பது எப்படிப்பட்ட விஷயம் என்பதற்கு பெர்னார்ட் கெட்ஸ் போதும். 1984 டிசம்பரில் நியூயார்க் சுரங்க ரயிலில், தன்னிடம் பணம் கேட்ட நான்கு இளைஞர்களைச் சுட்டார். 1987-இல் கொலை முயற்சிக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுதலை. உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு மட்டும் தண்டனை. சுடப்பட்டவர்களில் முடமாகிப்போன ஒருவர் போட்ட சிவில் வழக்கில் 1996-இல் பிராங்க்ஸ் ஜூரி கொடுத்தது 4.3 கோடி டாலர். கெட்ஸ் திவால் மனு போட்டார். கடன் அழியாது என்று நீதிமன்றம் சொன்னது. அதனால் பணம் வந்துவிட்டதா? பல வருடம் கழித்துக் கேட்டபோது, ஒரு காசுகூடக் கொடுத்ததாக நினைவில்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். கொலை வழக்கில் விடுதலையான முன்னாள் விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனுடையது தற்காப்பு வழக்கு இல்லை என்றாலும் பாடம் ஒன்றுதான். 1997-இல் 3.35 கோடி டாலர் தீர்ப்பு. அவருடைய ஓய்வூதியத்தைச் சட்டம் காப்பாற்றியது, 2024-இல் அவர் இறக்கும்போதும் பெரும்பகுதி பாக்கி.

சரி, காப்பீட்டு நிறுவனம் கொடுக்குமே என்றால், சிக்கல் தொடங்குவதே அங்குதான். வீட்டுக் காப்பீட்டில் ஒரு பொறுப்புப் பிரிவு இருக்கும். வீட்டுக்காரரால் அடுத்தவருக்குக் காயம் என்றால் ஒரு லட்சம், மூன்று லட்சம் டாலர் வரை கொடுக்கும். ஆனால் வேண்டுமென்றே செய்த காயத்துக்குக் கொடுக்காது. துப்பாக்கியை நீட்டிச் சுடுவது வேண்டுமென்றே செய்ததுதானே? பல பாலிசிகளில் இதற்கு ஒரு விலக்கு உண்டு: ஆளையோ பொருளையோ காக்க நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தியிருந்தால் காப்பீடு செல்லும். இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பலம் நியாயமானது என்றால் காப்பீடு உண்டு, ஆனால் அப்போது சுட்டவர் மேல் தப்பே இல்லை, வழக்குத் தோற்கும். நியாயமற்றது என்றால் வழக்கு ஜெயிக்கும், காப்பீடு நழுவும்.

நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. சுட்டவர் உண்மையிலேயே பயந்தார், ஆனால் அந்தப் பயம் நியாயமற்றது, கவனக்குறைவாக முடிவெடுத்தார் என்று வழக்கை எழுதுவது. இதைக் காப்பீடு ஏற்குமா என்பதில் நீதிமன்றங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறித் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. எங்கள் வக்கீல் இப்படித்தான் எழுதினார். அண்ணிக்குப் பிடிக்கவில்லை. "வேணும்னே கொன்னான்னு எழுதுங்க" என்றார். அப்படி எழுதினால் ஒரு லாபமும் உண்டு: வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்த காயத்துக்கான கடனைத் திவாலாகியும் அழிக்க முடியாது. கவனக்குறைவால் ஏற்பட்ட கடன் அழிந்துவிடும். 1998-இல் உச்ச நீதிமன்றமே இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுவிட்டது. அதாவது திவாலைத் தடுக்கும் சொல் காப்பீட்டை விரட்டும், காப்பீட்டைக் கொண்டுவரும் சொல் திவாலுக்கு வழிவிடும். இரண்டையும் மாற்று வாதங்களாக ஒரே மனுவில் எழுதலாம், எங்களுடையதும் கடைசியில் அப்படித்தான் போனது. ஆனால் ஜூரி எதில் டிக் அடிக்கிறதோ அதுதான் நிற்கும். சுட்டவரிடம் சொத்து இருந்தால் 'வேண்டுமென்றே', பாலிசி மட்டும் இருந்தால் 'கவனக்குறைவு'. இதைத் தெரிந்துகொள்ளாமல் வழக்குப் போடுவதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து.

காப்பீட்டு நிறுவனம் சுட்டவருக்கு வக்கீல் வைத்துக் கொடுத்தது, கூடவே 'எங்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லும் உரிமையையும் வைத்துக்கொள்கிறோம்' என்று கடிதம் போட்டது. இப்படி நடந்தால் சமரசப் பேச்சு மூன்று முனையாகிவிடும். எங்கள் வழக்கு விசாரணைக்கு முன்பே சமரசத்தில் முடிந்தது. தொகையைச் சொல்ல ஒப்பந்தம் அனுமதிக்காது. ஜூரி முன் போயிருந்தால் கூடக் கிடைத்திருக்குமா என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் அந்த ஆள் சத்தியம் செய்து பதில் சொன்ன பதிவு அண்ணியிடம் இருக்கிறது.

சுட்டவரை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரையும் பார்க்க வேண்டும். இடத்தின் உரிமையாளர், காவலாளியை வேலைக்கு வைத்த நிறுவனம், குடியிருப்போர் சங்கம் இவர்களுக்கெல்லாம் தனிக் காப்பீடு இருக்கும், வேண்டுமென்றே சுட்டது என்ற தடையும் அவர்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. டிரேவானின் பெற்றோர் கிரிமினல் விசாரணை தொடங்குவதற்கு முன்பே குடியிருப்போர் சங்கத்துடன் சமரசம் செய்துகொண்டார்கள். சுட்டவர் போலீஸ் என்றால் கணக்கே வேறு, பணம் தருவது நகர நிர்வாகம். ராட்னி கிங்குக்கு 1994-இல் கிடைத்த 38 லட்சம் டாலர் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் கொடுத்ததுதான்.

பாதிக்கப்பட்டோர் நிதி பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. யாரும் தண்டிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை பொதுவாக இல்லை, இறுதிச் சடங்குச் செலவுக்கு உதவும். ஆனால் இறந்தவர் நடத்தையும் காரணம் என்று தோன்றினால் குறைப்பார்கள், தற்காப்பு வழக்குகளில் இந்தப் பேச்சு வந்தே தீரும். சிவில் வழக்கோடு சேர்த்தே விண்ணப்பிக்கலாம், பிறகு இழப்பீடு வந்தால் திருப்பிக் கேட்பார்கள்.

சட்டத்தை மாற்றுவது நல்ல வேலைதான், ஆனால் நடந்து முடிந்த வழக்குக்கு உதவாது. ஆர்பெரிக்குப் பிறகு ஜார்ஜியா 2021-இல் குடிமக்கள் கைது செய்யும் பழைய சட்டத்தை நீக்கியது. மற்றபடி காற்று எதிர்த்திசையில்தான் வீசுகிறது: ஃபுளோரிடா 2017-இல், தற்காப்பு என்பதால் விசாரணையே கூடாது என்று சுட்டவர் கேட்கும் மனுவில் நிரூபிக்கும் சுமையை அரசுத் தரப்புக்கு மாற்றியது, தற்காப்பைச் சுட்டவரே நிரூபிக்க வேண்டும் என்று வைத்திருந்த கடைசி மாநிலம் ஒஹாயோ, 2019-இல் அதுவும் மாறியது.

என் சாய்வுக்கு ஒரு எல்லை உண்டு, அது மாநில எல்லை. எங்கள் வழக்கு நடந்த மாநிலத்தில், சுட்டவரைச் சிவில் வழக்கிலிருந்து காக்கும் சட்டம் இல்லை. விஸ்கான்சினில் வீடு, வண்டி, வியாபார இடம் இவற்றுக்கு மட்டும்தான் உண்டு, அங்கே கெனோஷா நகரில் போராட்டத்தின்போது சுட்டு, 2021-இல் விடுதலையான கைல் ரிட்டன்ஹவுஸ் மீது, இறந்த ஒருவரின் தந்தை போட்ட வழக்கு தொடரலாம் என்று 2023 பிப்ரவரியில் மத்திய நீதிபதி அனுமதித்தார். ஃபுளோரிடாவில் 2005 முதல், பலப்பிரயோகம் நியாயம் என்று தீர்ந்தால் சிவில் வழக்கும் செல்லாது, எதிராளியின் வக்கீல் செலவையும் வழக்குப் போட்டவரே கொடுக்க வேண்டும். கிரிமினல் பக்கம் கிடைத்த பாதுகாப்பு சிவில் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, அங்கே தனியாக முடிவு செய்ய வேண்டும் என்று 2017-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் தோற்றால் எதிராளி வக்கீலுக்கும் காசோலை எழுத வேண்டிய இடத்தில் அண்ணியை வழக்குப் போடச் சொல்லியிருப்பேனா என்றால், சுட்டவரை விட்டுவிட்டு இடத்தின் உரிமையாளர் மேல் மட்டும் போடச் சொல்லியிருப்பேன்.