நாலு வருஷமா ஈ-ரீடர்ல தமிழ் படிச்ச அனுபவம்

மின்புத்தகம் படிக்கிற கருவிதான் இந்த ஈ-ரீடர். ஃப்ரெண்ட் ஒருத்தன் போன வாரம் "ஆஃபர்ல விலை நல்லா எறங்கியிருக்கு, வாங்கலாமாடா"ன்னு கேட்டான். ரெண்டு வரியில பதில் சொல்ற விஷயம் இல்ல இது. ஸ்கிரீன், சார்ஜ் பத்தியெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விடுங்க.

நாலு வருஷமா எனக்குத் தீராத எரிச்சல் ஒண்ணுதான், வரி முடியுற எடம். இங்கிலீஷ்ல நீளமான வார்த்தை வந்தா நடுவுல ஒடச்சு சின்னக் கோடு போட்டு அடுத்த வரிக்குக் கொண்டு போயிடுது. தமிழுக்கு என்கிட்ட இருக்குற மாடல் அத செய்யல. நம்ம மொழியில ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வார்த்தை நீண்டுக்கிட்டே போகும், "போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து"ன்னு ஒண்ணு வந்தா அது மொத்தமா கீழ எறங்கிடும், மேல மிச்சம் நிக்கிற ரெண்டு வார்த்தைய ரெண்டு ஓரத்துக்கும் இழுத்து விட்டு நடுவுல பெரிய ஓட்டை. அச்சுல வந்த தமிழ்ப் புத்தகம் எதையாவது எடுத்துப் பாருங்க, எடம் பத்தலன்னா பாதி வார்த்தையில ஒடச்சு மிச்சத்த அடுத்த வரியில போட்டிருப்பாங்க, கோடு கூட இருக்காது, படிக்கிறப்போ நமக்கு உறுத்தினதே இல்ல. ஈய எழுத்து கோத்தவங்க கையிலயே இருந்த பழக்கம் அது. கம்பெனிக்கு ரெண்டு தடவ எழுதினேன், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு வந்துச்சு, அவ்ளோதான்.

ஆனா அம்மா விஷயத்த சொல்லியே ஆகணும். கண்ணு மங்கினதுலேர்ந்து புத்தகத்தையே தொடாம இருந்தாங்க. ஒரு காலத்துல வாரப் பத்திரிகையில வந்த தொடர்கதைய கிழிச்சு சேத்து பைண்ட் பண்ணி வெச்சவங்க. மதுரைத் திட்டம்னு 1998 பொங்கலன்னிக்கு ஆரம்பிச்சாங்களே, தன்னார்வலர்கள் சேர்ந்து தமிழ் நூல்கள தட்டச்சு பண்ணி இலவசமா குடுக்குறது, அதுலேர்ந்து கல்கி தொடர் ஒண்ண ஏத்தி, எழுத்த இருக்குறதுலயே பெருசா வெச்சுக் குடுத்தேன். வரிக்கு மூணு வார்த்தைதான் நிக்குது. "என்னடா இது, பொக்கவாய் மாதிரி இருக்கு"ன்னு மொத நாள் கேட்டாங்க, அப்புறம் அதப் பத்திப் பேசவே இல்ல. மத்தியானம் சாப்ட்டு பாயில படுத்துக்கிட்டு ஒரு கையில புடிச்சே படிக்கிறாங்க. முன்னாடி "அந்தக் கோட்டைப் படம் வந்த பக்கத்துல இருக்கேன்"னு சொல்றவங்க, இப்ப எவ்ளோ படிச்சாச்சுன்னு ஸ்கிரீன்ல காட்டுறதப் பாத்து போன்ல "இன்னிக்கு 41 பர்சென்ட்டுடா"ங்குறாங்க. அதக் கேக்குறப்போ எனக்குத் தொண்ட அடைக்குது.

ஃப்ரெண்டுக்கு வாங்காதன்னுதான் சொல்லியிருக்கேன். தமிழ் மட்டுமே படிக்கிற ஆளு அவன், அந்த ஓட்டைய சரி பண்ற வரைக்கும் என் வாயால வாங்குன்னு வராது. நேத்து அம்மா, சித்திக்கும் கண்ணு சரியில்ல, ஒண்ணு வாங்கிக் குடுடான்னாங்க. ஆர்டர் போட்டுட்டேன், வியாழக்கிழம வருது.