அப்டேட் செய்ததும் ரூட்டரின் ரேம் எங்கே போனது? ஒன்றரை வருட அனுபவம்

என் ரூட்டரில் இருப்பது 128 எம்பி ரேம். அதில் ஓடும், லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ரூட்டர் மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டியை 21.02 பதிப்பிலிருந்து 22.03-க்கு மாற்றியதும், காலியாக இருக்கும் ரேமைக் காட்டும் 'ஃப்ரீ' என்ற எண் சட்டென்று இறங்கிவிட்டது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.4 போய் 5.10 வந்திருக்கிறது, ஃபயர்வாலும் ஐபிடேபிள்ஸ் என்ற பழைய முறையிலிருந்து என்எஃப்டேபிள்ஸ் என்ற புதிய முறைக்கு மாறியிருக்கிறது, ரேம் செலவு கொஞ்சம் கூடத்தானே செய்யும்? ஆனாலும் பதறிப்போய்ப் பழைய பதிப்புக்கே திரும்பலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, சோம்பல் தடுத்தது.

அந்த எண்ணைப் பார்த்துப் பயந்ததே தப்பு. லினக்ஸ் ஒருமுறை படித்த கோப்புகளை, மறுபடி தேவைப்படலாம் என்று, கேஷாக ரேமிலேயே வைத்துக்கொள்ளும்; வேறு யாராவது இடம் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். அதனால் பார்க்க வேண்டியது, கேட்டால் கிடைக்கக்கூடிய ரேமைக் காட்டும் 'அவைலபிள்'. அது என்னிடம் பெரிதாகக் குறையவே இல்லை.

சரி என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்துத்தான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. சில இரவுகளில் வைஃபை இருக்கும், எந்தத் தளமும் திறக்காது, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். என்ன நடந்தது என்று ரூட்டர் எழுதிவைக்கும் பதிவும் (லாக்) ரேமில்தான் இருக்கிறது என்பதால், ரீபூட் செய்தால் தடயமே போய்விடும். ஒருநாள் ரீபூட் செய்யாமல் பொறுமையாக உள்ளே போய்ப் பார்த்தேன். ரேம் தீர்ந்துபோய், தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் வேலையைப் பார்க்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலைக் கெர்னலே கொன்றிருந்தது.

காரணம் நானேதான். அப்டேட் செய்த உற்சாகத்தில் விளம்பரத் தடுப்புக்குப் பெரிய பட்டியல் ஒன்றைச் சேர்த்திருந்தேன். ஓப்பன்டபிள்யூஆர்டியில் தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி கோப்புறை இருப்பது நிரந்தரச் சேமிப்பான ஃபிளாஷில் அல்ல, ரேமில். அதன் அளவாகக் காட்டப்படும் பாதி ரேம் உச்சவரம்புதான், முன்கூட்டியே ஒதுக்கிவைத்தது அல்ல. கோப்பு விழ விழத்தான் இடம் போகும். பட்டியல் அங்கே ஒரு பிரதி, டிஎன்எஸ்மாஸ்க்கின் வயிற்றுக்குள் இன்னொன்று. இரவில் புதுப்பிக்கும்போது புதிதாக இறக்கியது, வரிசைப்படுத்துவதற்கான தற்காலிகக் கோப்புகள் என்று இன்னும் ஏறும். இதில் ஒரு சூது இருக்கிறது: டிஎம்பியில் கிடக்கும் கோப்புகளும் 'கேஷ்' கணக்கில்தான் காட்டப்படுகின்றன, ஆனால் ஸ்வாப் (ரேம் போதாதபோது தரவைத் தள்ளிவைக்கும் இடம்) இல்லாத ரூட்டரில் அவற்றைக் கெர்னலால் வெளியேற்ற முடியாது. கேஷ் எல்லாம் திரும்பிவரும் என்று நம்பியிருந்தவன் நான். டிஎம்பி கோப்புகள் பிடித்திருக்கும் இடம் தெரியும் 'ஷேர்டு' என்ற எண்ணையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

தன் வழியே போகும் இணைப்புகளை ரூட்டர் குறித்துவைக்கும் இணைப்பு அட்டவணை மீதும் எனக்குச் சந்தேகம் இருந்தது. ஓர் இணைப்புக்குச் சில நூறு பைட்தான். 16,384 இணைப்புகள் நிறைந்தாலும் ஐந்தாறு எம்பிக்குள் முடிந்துவிடும். அதை விட்டுவிட்டேன்.

பட்டியலைச் சிறியதாக்கி, ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கி ஸ்வாப்பாகப் பயன்படுத்தும் இசட்ரேமையும் போட்டேன். அதற்கப்புறம் டிஎன்எஸ்மாஸ்க் ஒருமுறைகூடச் சாகவில்லை. சுருக்கும் வேலை சிபியுவின் தலையில் விழுவதால் பட்டியலைப் புதுப்பிக்கும் நேரத்தில் வேகம் லேசாகத் தடுமாறுகிறது, அதனால் புதுப்பிப்பை அதிகாலை நான்கு மணிக்குத் தள்ளிவிட்டேன். அடுத்த பதிப்பைப் போடும்போது அதன் கோப்பும் முதலில் டிஎம்பியில்தான் வந்து உட்காரும் என்பதால், தடுப்புப் பட்டியலை நிறுத்தி ஒரு ரீபூட் செய்துவிட்டுத்தான் அப்டேட் பொத்தானையே தொடுகிறேன்.